தட்டச்சு: ச. சந்திரலேகா, மஞ்சக்குப்பம்

சிதம்பரம்
9 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இளமதி எழுதுவது. விடுதிச் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் கழுத்து வலி குறைந்ததா? வெண்மதிக்கு முன்பல் விழுந்துவிட்டதா, இன்னும் நாக்கால் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறாளா? மாமாவுக்கு இந்த வாரம் சிப்காட்டில் எந்த ஷிப்ட்?

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. அப்பா உங்களோடு இருக்கிறவரை போனில் ரகசியம் பேச வழியில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்பார். ஊருக்கு வந்தாலும் அதே கதை. அதனால்தான் உன் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் மண் வேதியியலில் பிஎச்.டி. சேர விண்ணப்பிக்கப் போகிறேன். நான்கு பல்கலைக்கழகங்கள். எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி டிசம்பர் 15. அதற்குள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும், மூன்று பேர் எனக்குப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பத்தைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்களாம். பாடம் எடுத்த இரண்டு மேடம்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்றாவது தில்லைநாதன் சார். இரண்டு வருஷமாக அவருடைய ப்ராஜெக்டில்தான் கிள்ளைப் பக்கத்து வயல்களில் உப்பு ஏறிய மண்ணை அள்ளி வந்து சோதிக்கிறேன். என் வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அப்பா தையில் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். டிசம்பரில் இந்த விண்ணப்பம் போகவில்லை என்றால் ஜனவரியில் நான் மணவறையில் உட்கார்ந்திருப்பேன். நீயும் இதே கல்லூரியில் இதே துறையில் எம்.எஸ்சி. படித்தவள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நீயும் அமெரிக்கா அமெரிக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. எனக்கு உதவி செய்வாயா?

விடுதி வாசல் தபால் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கும்,
இளமதி


மஞ்சக்குப்பம், கடலூர்
18 ஜூலை 2023

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதும் மடல். இங்கே எல்லோரும் சௌக்கியம். பல் விழுந்துவிட்டது. அதைக் கூரை மேல் எறிய வேண்டும் என்று உன் அக்கா மகள் அடம் பிடித்தாள். மாடி வீட்டில் கூரைக்கு எங்கே போவது? உன் மாமா தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி வைத்துவிட்டு வந்தார்.

என் கழுத்தைப் பற்றிக் கேட்காதே. நேற்று திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு நாள். காலை ஏழு மணிக்கே கடை வாசலில் கூட்டம். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு என்று முப்பத்தோரு மனு அடித்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் "தட்டச்சு: ச. சந்திரலேகா, மஞ்சக்குப்பம்" என்று போட்டேன். ஒரு முறை எவனோ மொட்டை மனு அடித்துவிட்டு என் கடையில் அடித்தது என்று சொல்லிவிட்டான் இல்லையா? அன்று முதல் என் கையால் போவதில் என் பேர் இருக்கும். இப்போது யோசிக்காமலே கை அடித்துவிடுகிறது. வெண்மதியின் லீவ் லெட்டரிலும் போட்டுவிட்டேன். டீச்சர் சிரித்தாராம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போ. கட்டாயம் போ. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். "பொண்ணுக்கு ஒரு பரீட்சை இருக்குப்பா, டிசம்பர் வரைக்கும் யாரையும் வரச் சொல்லாதீங்க" என்று இன்றே போட்டு வைக்கிறேன். பொய் இல்லை, டோஃபலும் பரீட்சைதானே. உன் இரண்டு பக்கத்தை எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. நீ என் தங்கை என்று தில்லைநாதன் சாரிடம் சொல்லாதே. இரண்டு வருஷமாகச் சொல்லாமல்தான் இருக்கிறாய், அப்படியே இரு. காரணம் கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு. உப்பு ஜாஸ்தியாக இருந்தால் தயிர் ஊற்றிக்கொள்.

உன் அக்கா,
சந்திரலேகா


சிதம்பரம்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ திருத்தி அனுப்பிய இரண்டு பக்கம் கிடைத்தது. சிவப்பு மையைப் பார்த்ததும் மயக்கம் வந்தது. ஆனால் நீ சொன்னதுதான் சரி. "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்ற வரியை அடித்துவிட்டேன். கிள்ளையில் ஒரு விவசாயி மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து "இந்த வருஷம் நெல்லு வராது" என்று சொன்ன இடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

டோஃபலில் பேசும் பகுதி இருக்கிறது. கேள்வி வந்ததும் பதினைந்து விநாடி யோசித்துவிட்டு நாற்பத்தைந்து விநாடி பேச வேண்டும். துணி காயப் போடும்போதெல்லாம் பேசிப் பழகுகிறேன். பக்கத்து அறைப் பெண் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வார்டனிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்போது சிக்கல் வேறு இடத்தில் வந்திருக்கிறது. சாரிடம் பரிந்துரை கேட்டேன். "அதுக்கின்னாம்மா, நீயே எழுதி எடுத்துட்டு வா, கையெழுத்து போட்டுத் தரேன்" என்றார். அவரிடம் கேட்கிற எல்லோருக்கும் இப்படித்தான் சொல்வாராம். கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அவர்தான் ஏற்ற வேண்டும், அவருடைய மெயிலுக்குத்தான் லிங்க் வரும் என்றேன். "என் பேர்ல ஒரு மெயில் ஐடி போட்டு நீயே ஏத்திடு" என்றார்.

நான்கு நாளாக வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "இளமதி மிகச் சிறந்த மாணவி" என்று இளமதியே எப்படி எழுதுவது? கூசுகிறது. நீ ஊரார் எல்லோருக்கும் எழுதித் தருகிறாய், எனக்கு ஒன்று எழுதக் கூடாதா? உன்னைப் போல நான் கல்யாணத்துக்காகப் பாதியில் விட மாட்டேன் அக்கா. இதை முடித்தே தீருவேன்.

அன்புடன்,
இளமதி


மஞ்சக்குப்பம்
12 செப்டம்பர் 2023

இளமதிக்கு,

நலம். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கடையில் வேலை.

முதலில் மெயில் விஷயம். அவர் பேரில் நீ மெயில் ஐடி தொடங்கக் கூடாது. நான் ஆயிரம் பேருக்கு மனு எழுதித் தந்திருக்கிறேன், யாருக்கும் நான் கைநாட்டு வைத்ததில்லை. அவரை உட்கார வைத்து அவர் கையாலேயே ஏற்றச் சொல். கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. கண்டுபிடிக்காவிட்டாலும் அது உன் தலைமேல் இருக்கும்.

அடுத்தது, நீயே எழுது என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று வாரமாக அதைச் சொல்ல முடியவில்லை. வெள்ளைத்தாள் முன்னால் நீ உட்கார்ந்திருப்பது கண்ணிலேயே நிற்கிறது. சரி, நான் எழுதுகிறேன்.

ஆனால் மனு எழுதுகிற மாதிரிதான் எழுதுவேன். மனுவில் "மிகவும் கஷ்டப்படுகிறேன்" என்று எழுதினால் தாசில்தார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "மார்ச் 4 ஆம் தேதி கிணறு வற்றியது" என்று எழுதினால் நிமிர்ந்து உட்காருவார். அதனால் இந்த இரண்டு வருஷத்தில் நீ செய்த மூன்று காரியங்களைத் தேதியோடு எழுதி அனுப்பு. பெருமையானதை மட்டும் பொறுக்காதே.

கல்யாணத்துக்காக விட்டேன் என்று எழுதியிருந்தாய். சரி, அப்படியே இருக்கட்டும்.

சந்திரலேகா


சிதம்பரம்
24 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் கொஞ்சம் உறைப்பாக இருந்தது. நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் மன்னித்துவிடு.

நீ கேட்ட மூன்று. ஒன்று, போன வருஷம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தொண்ணூற்றாறு வயல்களில் மண் எடுத்தேன், எல்லாம் நானே. இரண்டு, லேபில் உப்பு அளக்கும் மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று ஜூன் 10 ஆம் தேதி கண்டுபிடித்துச் சொன்னேன். சார் முதலில் நம்பவில்லை, பிறகு கம்பெனிக்காரர் வந்து பார்த்து ஆமாம் என்றார்.

மூன்றாவது யாருக்கும் தெரியாது, சாரைத் தவிர. போன நவம்பர் 12, நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் மண் பைகள் நனைந்து பதினோரு பைகளின் மேல் எழுதியிருந்தது அழிந்துவிட்டது. எது எந்த வயல் என்று குத்துமதிப்பாக நானே எழுதி ஒட்டிவிட்டேன். கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் சாரிடம் போய்ச் சொன்னேன். லேபே அதிர்கிற மாதிரி கத்தினார். நான் மறுபடி போய்ப் பதினோரு வயலிலும் மண் எடுத்து வந்தேன். நான்கு என் ஊகத்துக்கு மாறாக இருந்தன அக்கா. நான் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த நான்கும் பொய்யாகவே அச்சேறியிருக்கும்.

இதைப் போட்டுவிடாதே. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அக்டோபர் 7 சென்னையில் டோஃபல்.

அன்புடன்,
இளமதி


மஞ்சக்குப்பம்
18 அக்டோபர் 2023

அன்புத் தங்கைக்கு,

வீட்டில் யாவரும் சுகம். வெண்மதி உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், இத்துடன் இருக்கிறது. தலையில் கொம்பு மாதிரி இருப்பது உன் ஜடையாம். டோஃபல் எப்படி எழுதினாய் என்று ஒரு வரி போடவில்லையே?

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்லவன் போலத்தான் இருக்கிறான். "ஜனவரியில பாக்கலாம்னு சொல்லிட்டேன்" என்கிறார் அப்பா. அதற்கு மேல் அவரை நிறுத்தி வைக்க என்னால் ஆகாது. டிசம்பர் 15 ஐ மனதில் வை.

கடிதம் இரண்டு பக்கம், ஆங்கிலத்தில் அடித்து இதனுடன் வைத்திருக்கிறேன். சார் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். பதினோரு பை விஷயத்தைத்தான் நடுவில் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. தொண்ணூற்றாறு வயலில் மண் எடுக்க யாராலும் முடியும், பத்தாம் நாள் போய்ச் சொல்ல உன்னால்தான் முடிந்தது. இதை எடுத்துவிட்டால் மீதி வெறும் பாராட்டுப் பத்திரம். யோசித்துக்கொண்டு நிற்காதே, நேராகக் கொண்டு போய் அவர் மேஜையில் வை.

இதை ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன். உன்னைப் பற்றி எழுதுவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அக்கா


சிதம்பரம்
5 நவம்பர் 2023

அக்கா,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை சார் அறைக்குப் போனேன். கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் படித்தார். இரண்டாம் பக்கம் வந்ததும் பேனாவை மூடினார். அடியில் விரலை வைத்து, "யாரு இந்த சந்திரலேகா?" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். தில்லைநாதன் சார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குக் கீழே, "டைப்டு பை எஸ். சந்திரலேகா, மஞ்சக்குப்பம்" என்று பொடி எழுத்தில் அடித்திருந்தது. அக்கா, நீ போட்டிருக்கிறாய்! நானும் மூன்று முறை படித்தேன், அடி வரை போகவில்லை.

"டைப் பண்ணவுங்க சார்" என்றேன்.

"கடலூர் சந்திரலேகாவா? ரெண்டாயிரத்துப் பதிமூணு பேட்ச்? உனக்கு இன்னா வேணும் அவ?"

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. "அக்கா, சார்" என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவளுக்கும் இதையேதாம்மா சொன்னேன், எழுதிக்கிட்டு வான்னு. சரிங்க சார்னு போனா, வரவே இல்ல. ரெண்டு மாசம் பாத்தேன். மனசு மாறிட்டா போலன்னு வுட்டுட்டேன். அவ மாதிரி டைட்ரேஷன் பண்ண ஆளு அதுக்கப்புறம் இந்த லேப்ல வரல."

உன் கடிதத்தை மடித்து என்னிடமே தந்துவிட்டார். "இதுல நான் கையெழுத்து போட மாட்டேன். இந்தப் பை விஷயத்த நான் மறந்தே போயிட்டேன். மறந்தவன் எப்படிக் கையெழுத்து போடறது? உன் நோட்டு எல்லாத்தையும் கொண்டாந்து வை. படிச்சுட்டு நானே எழுதறேன்" என்றார். ஒன்பது நோட்டையும் கொண்டு போய் வைத்துவிட்டேன். எழுதுவாரா, மறப்பாரா தெரியவில்லை. இன்னும் நாற்பது நாள்தான் இருக்கிறது.

அது கிடக்கட்டும். நீ கல்யாணத்துக்காக விட்டாய் என்று எத்தனை முறை உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்? போன கடிதம் ஒன்றில்கூட எழுதினேன். ஒரு முறையாவது இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா?

இளமதி


சிதம்பரம்
28 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போனில் பேசினால் "ஆங், சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் தந்துவிடுகிறாய்.

டோஃபலில் நூற்று ஒன்று. "உங்களுக்குத் தெரிந்த திறமைசாலி ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் எதிரில் கடை வைத்திருக்கும் ஒருத்தியைப் பற்றி நாற்பத்தைந்து விநாடி பேசினேன். நேரம் போதவில்லை.

இரண்டு மேடம்களின் கடிதங்களும் ஏறிவிட்டன. சாரின் பேருக்கு நேராக மட்டும் இன்னும் "வரவில்லை" என்றே காட்டுகிறது. ஆறாவது நோட்டு படிக்கிறாராம். நேற்று முதல் தினமும் மூன்று மணிக்கு அவர் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நான் ஒன்றும் கேட்பதில்லை. அவர் போகும்போது எழுந்து நிற்கிறேன், அவ்வளவுதான். அவர் எழுதுகிறவரை எழுந்து போக மாட்டேன்.

நீ பதில் எழுதாவிட்டாலும் நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

இளமதி


மஞ்சக்குப்பம்
8 டிசம்பர் 2023

என் இளமதிக்கு,

சுகம்தான். கோபமும் அழுகையும் மாறி மாறி வந்ததால் எழுதவில்லை. அடிப் பாவி, கொடுப்பதற்கு முன் அடி வரை ஒரு முறை படித்திருக்கக் கூடாதா? என் கையை உடைக்க வேண்டும். பத்து வருஷமாக மறைத்ததை என் கையே அடித்துக் கொடுத்துவிட்டது.

அப்போது எல்லாம் தயாராக இருந்தது. பரீட்சை எழுதியாகிவிட்டது. அவருடைய கடிதம் மட்டும் பாக்கி. எழுதிக்கொண்டு வா என்றார். தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நாள் உட்கார்ந்தேன். "சந்திரலேகா கெட்டிக்காரி" என்று எழுதுவேன், வெட்கமாக இருக்கும், கிழிப்பேன். அடக்கமாக இரு, தற்பெருமை பேசாதே என்றுதானே நம்மை வளர்த்தார்கள்? திடீரென்று ஒருவர் உன்னை நீயே புகழ்ந்து எழுது என்றால் எங்கிருந்து வரும்? மறுபடி போய், "என்னால முடியல சார், நீங்க எழுதுங்க" என்று கேட்கவும் தைரியம் வரவில்லை. தேதி போய்விட்டது. ஒரு தாள் எழுதத் தெரியாமல் விட்டேன் என்று யாரிடம் சொல்வது? வரன் வந்தது, சரி என்றேன். உன் மாமா தங்கமானவர், அதில் குறையில்லை.

பிறகு என்ன வேலை செய்கிறேன் பார், ஊரார் எல்லோருக்கும் எழுதித் தருகிறேன்.

அவர் இரண்டு மாதம் பார்த்தாராமா? பார்த்தவர் ஒரு ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாமே! இத்தனை வருஷம் கழித்து டைட்ரேஷன் நன்றாகச் செய்தேன் என்கிறாராம். எனக்கு ஆத்திரமாக வருகிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, அதனால் இன்னும் ஆத்திரம்.

அப்பாதான் என் படிப்பை நிறுத்தினார் என்று சொந்தம் முழுக்கப் பேசினார்கள். நானும் மறுக்கவில்லை. நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன் விஷயமும் சேர்த்து. "நான் வேணாம்னு சொன்னதே இல்லியே, ஏன் எல்லாரும் என்னையே சொல்றாங்கன்னு நெனப்பேன். சரி, பொண்ணு அப்படிச் சொல்லி நிம்மதியா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டேன்" என்றார். எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது இளமதி. பிறகு அவரே ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போன் போட்டு, "பொண்ணு படிக்கப் போவுதுங்க, நீங்க வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த ஊர்ல சோறு கெடைக்குமாடி?"

ஆகவே இனிமேல் உனக்குக் கல்யாண பயம் இல்லை. பாக்கி இருப்பது அந்தக் கடிதம் மட்டும்தான். இன்னும் ஏழு நாள். ஸ்டூலை விட்டு எழுந்திருக்காதே. நான் எழுந்து வந்துவிட்டேன், நீ வராதே.

அக்கா


சிதம்பரம்
16 டிசம்பர் 2023

அன்பு அக்காவுக்கு,

சுகம், சுகம், மகா சுகம். விண்ணப்பம் போய்விட்டது. நான்கும்!

நேற்று மத்தியானம் வரை "வரவில்லை" என்றே இருந்தது. மூன்று மணிக்கு சார் கதவைத் திறந்து, "உள்ள வா, ஆனா கம்ப்யூட்டரப் பாக்காம அந்தப் பக்கம் திரும்பி உக்காரு" என்றார். இரண்டு விரலால் அடித்தார். ஒவ்வொரு எழுத்தும் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி கேட்டது. நடுவில், "அந்தப் பதினோரு பையில எத்தன மாறி இருந்துச்சு?" என்றார். "நாலு சார்." "நான் கத்தினேன் இல்ல?" "ஆமா சார்." "அதையும் போட்டுட்டேன்" என்றார். ஐந்தே காலுக்கு ஏற்றி முடித்தார்.

என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை. படிக்கும் உரிமை வேண்டாம் என்று விண்ணப்பத்தில் டிக் போட்டிருக்கிறேன். அப்படிப் போட்டால்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பாம்.

கிளம்பும்போது, "உங்க அக்கா இப்ப இன்னா பண்றா?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்பாவிடம் சொல், அங்கே சோறு கிடைக்குமாம். விசாரித்துவிட்டேன்.

இளமதி


சிதம்பரம்
24 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரையும் கேட்டதாகச் சொல். போனில் நான் கத்தியதை அப்பா ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்க வைத்தார் என்று மாமா சொன்னார். இரண்டு இடத்தில் இல்லை என்றார்கள், ஒரு இடத்தில் காத்திருப்போர் பட்டியல், நார்த் டகோட்டாவில் மட்டும் வா என்கிறார்கள், உதவித்தொகையோடு. அங்கேயும் வயலில் உப்பு ஏறுகிறதாம். குளிர் மைனஸ் இருபதுக்கும் கீழே போகுமாம். இனி விசாவுக்குத் தயாராக வேண்டும்.

சாரிடம் சொல்லப் போனேன். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்துத் தந்தார். "உங்க அக்காகிட்ட குடு. நீ பிரிக்காத. அவளும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லு" என்றார். இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
இளமதி


மஞ்சக்குப்பம்
2 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். அப்பா உனக்குக் கம்பளித் தொப்பி வாங்க நேற்று கடைத்தெரு முழுக்க அலைந்திருக்கிறார். கடலூரில், ஏப்ரல் மாத வெயிலில். கடைக்காரர்கள் உட்கார வைத்து மோர் கொடுத்தார்களாம்.

உறை நேற்றே வந்தது. திங்கட்கிழமை, வாசல் நிறையக் கூட்டம். மனுக்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். ஒரு மனுவில் தாலுகா பேரையே தப்பாக அடித்துவிட்டேன்.

மேலே "பரிந்துரைக் கடிதம்: ச. சந்திரலேகா" என்று எழுதியிருக்கிறது. ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்து, தேதி. பின்பக்கம் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி. "எழுதியதும் தட்டச்சு செய்ததும்: தில்லைநாதன், சிதம்பரம்." அதைப் பார்த்ததும் கடையிலேயே அழுதுவிட்டேன். பட்டாவுக்கு வந்த பெரியவர் பயந்துபோய், "மனு தள்ளுபடி ஆயிடுச்சாம்மா?" என்றார். "இல்லீங்க, எடுத்துக்கிட்டாங்க" என்றேன்.

பொய் சொல்ல மாட்டேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தடித்த உறை, ஒன்றும் தெரியவில்லை. ஆவியில் காட்டினால் திறக்கும் என்று எனக்கா தெரியாது? செய்யவில்லை.

ஊரார் கடிதத்தையெல்லாம் படிப்பது என் தொழில். என்னைப் பற்றி எழுதிய ஒன்றை மட்டும் நான் படிக்கக் கூடாது. பரவாயில்லை. ஆனால் யாராவது ஒருவர் படித்தே ஆக வேண்டும் இளமதி. உறையை இப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினால், அன்று நான் தாளைக் கிழித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்று காலை உன் கல்லூரிக்குப் போன் போட்டு விசாரித்தேன். பகுதி நேர பிஎச்.டி. படிவம் ஜூன் முதல் தேதி தருகிறார்களாம். மூடிய உறையில் இரண்டு பரிந்துரை கேட்கிறார்கள். ஒன்று கையில் இருக்கிறது. இன்னொன்றுக்கு, எனக்குப் பாடம் எடுத்த மேடத்தைப் பார்க்க வெள்ளிக்கிழமை சிதம்பரம் வருகிறேன். எழுதிக்கொண்டு வா என்று சொன்னால், "முடியாதுங்க மேடம், நீங்கதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு வாசலில் உட்காரப் போகிறேன்.

அந்த ஸ்டூல் இன்னும் அங்கேதானே இருக்கிறது?

உன் அக்கா,
ச. சந்திரலேகா